ஓக் தோப்பில் பதினெட்டுக் கூடைகள்

பாசடினா நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், சான் கேப்ரியல் மலை இறங்கி முடிகிற இடத்தில், ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது. இப்போது அதற்கு ஹஹமோங்னா என்று பெயர். நெடுங்காலமாக அங்கே வருகிறவர்களுக்கு அது ஓக் குரோவ்தான். மதுரைக்குத் திரும்பி வந்த பிறகு, "அமெரிக்காவுல எதை விட்டுட்டு வந்தது மனசுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தப் பூங்காவைத்தான் சொல்கிறேன். வீட்டையோ காரையோ சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்கள் விழிப்பார்கள். "பூங்காவா? அது இங்க இல்லாததா?" என்பார் என் சின்ன அத்தை.

அத்தை சொல்வது சரிதான், பூங்காக்கள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே 18 இரும்புக் கூடைகளை நட்டிருந்தார்கள். கையில் உள்ள தட்டை எறிந்து, ஒவ்வொரு கூடையிலும் விழவைத்துக்கொண்டே தோப்பு முழுக்க நடந்து வரலாம். சனிக்கிழமைக் காலைகளில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் வலது கை இன்னமும் அதைத் தேடுகிறது.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் மட்டையால் பந்தை அடித்துக் குழிக்குள் தள்ளுகிறார்கள். இதில் பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசிக் கூடைக்குள் சேர்க்க வேண்டும். கடற்கரையில் பிள்ளைகள் எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பீயின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்களவு ஏறக்குறைய 21 சென்டிமீட்டர், எடை பெரும்பாலும் 150 முதல் 175 கிராம். தொலைவுக்குப் போக விளிம்பு கூரான தட்டு, நடுத் தூரத்துக்குக் கொஞ்சம் மழுங்கியது, கூடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தடித்த விளிம்புள்ளது என்று மூன்று இருந்தால் போதும். நான் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போவேன். முதல் எறி எங்கே விழுந்ததோ அங்கே நின்று இரண்டாவது எறி. அது விழுந்த இடத்திலிருந்து மூன்றாவது. கூடை சேர எத்தனை எறி ஆயிற்று என்பதுதான் கணக்கு. குறைந்த எறியில் 18 கூடைகளையும் முடித்தவர் ஜெயித்தவர்.

கூடை என்று நான் சொல்வது ஆளுயரக் கம்பத்தில் மாட்டிய ஓர் இரும்புச் சாதனம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள், இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே கம்பிக் கூடை. பறந்து வரும் தட்டு சங்கிலியில் மோதினால் அதன் வேகமும் சுழற்சியும் அங்கேயே அடங்கி, கூடைக்குள் விழுந்துவிடும். ஜல்லென்று ஒரு சத்தம். மரங்களுக்கு அப்பால் யாரோ ஒருவருடைய தட்டு கூடை சேர்ந்தாலும் அந்தச் சத்தம் நமக்குக் கேட்கும். முகம் தெரியாத அவருக்காக நம் கூட்டத்தில் ஒருவர் கைதட்டுவார்.

இந்த விளையாட்டுக்கென்று நிரந்தரமாக அமைந்த உலகின் முதல் களம் ஓக் குரோவ்தான். 1975-இல் அதை அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஃபிரிஸ்பீயின் மேற்பரப்பில் மெல்லிய வரிகளைச் சேர்த்து அதைத் தடுமாறாமல் பறக்க வைத்ததற்கு 1967-இல் காப்புரிமை பெற்றவர். தட்டெறிந்து இலக்கைத் தொடும் விளையாட்டு அதற்கு முன்பே அங்கங்கே இருந்திருக்கிறது. கனடாவில் பிளாட்வொர்த் என்ற சின்ன ஊரில் பள்ளிப் பிள்ளைகள் 1926 வாக்கில் தகர மூடிகளை எறிந்து விளையாடியிருக்கிறார்கள். ஹெட்ரிக் செய்தது, அதற்கு ஒரு பொது இடத்தை வாங்கித் தந்தது. மாவட்டப் பூங்கா நிர்வாகத்திடம் பேசி, ஓக் மரங்களுக்கு நடுவே வெறும் கம்பங்களை நட்டு, "வாருங்கள், எறியுங்கள்" என்று திறந்துவிட்டார். கம்பத்தில் தட்டு பட்டதா, படவில்லையா என்று சண்டை வந்தது. சண்டையைத் தீர்க்கத்தான் அவரும் அவர் மகனும் சேர்ந்து சங்கிலிக் கூடையை உருவாக்கினார்கள். 1977-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹெட்ரிக் 2002-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

பூங்காவை ஒட்டி நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம். 1936 அக்டோபர் 31 அன்று ஃபிராங்க் மலினா என்ற கால்டெக் மாணவரும் அவருடைய நண்பர்களும் அருகிலுள்ள வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் ராக்கெட் இயந்திரம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான் அந்த ஆய்வகம். அங்கே உருவான வாயேஜர் விண்கலங்கள் புறப்பட்டதும், சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1977-இல்தான். எறிந்த பொருள் எங்கே போய்ச் சேரும் என்று வேலிக்கு அந்தப் பக்கம் கணினி வைத்துக் கணக்குப் போட்டார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கண்ணால் கணக்குப் போட்டோம். இரண்டையும் ஒரே நிலம் தாங்கிக்கொண்டது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

நல்ல களம் எப்படி இருக்கும் என்பதை அங்கே நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன். வலது கைக்காரர் ஒருவர் தட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கையாக வீசினால், வேகம் உள்ளவரை அது நேராகப் போகும். வேகம் தளரும்போது இடப்பக்கம் சாயும். இது தட்டின் குணம். இடது கைக்காரருக்கு அப்படியே எதிர்ப்பக்கம். களம் அமைப்பவர் இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கிறார். ஒரு கூடையை மரத்தைச் சுற்றி இடப்பக்கம் ஒளித்துவைக்கிறார். அது நமக்கு எளிது. அடுத்ததை வலப்பக்கம் வைக்கிறார். இப்போது நாம் தட்டை வேறு கோணத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கைப் பக்கமாக வீசக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் தாழ்ந்த கிளை ஒன்று பாதையை மறைக்கிறது. கிளைக்கு மேலே போவதா, கீழே போவதா என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். கிளையை அவர்கள் வெட்டவில்லை. கிளை அங்கே இருப்பதால்தான் கூடையையே அங்கே வைத்திருக்கிறார்கள்.

நான் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. ஊர்களில் பூங்கா என்றால் முதலில் நிலத்தைச் சமப்படுத்துவார்கள். மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள், கோணலாக வளர்ந்த மரத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு கொண்டுவந்து புல் பதிப்பார்கள். டிஸ்க் கோல்ஃப் களம் அமைப்பவருக்கு இவை எல்லாம்தான் சொத்து. மேடு இருந்தால் அதன் உச்சியில் ஒரு கூடை. தப்பினால் தட்டு சக்கரமாக உருண்டு சரிவில் இறங்கிவிடும் என்ற பயத்தில் கை நடுங்கும். பள்ளம் இருந்தால் அதைத் தாண்டி எறியச் சொல்வார். கோணல் மரம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு பாதை. சரளைக்கல் தரையாக இருந்தாலும் குற்றமில்லை, தட்டு காற்றில் போகிறது, மனிதர்தான் தரையில் நடக்கிறார்.

அதனால் அந்தத் தோப்பை நான் மரம் மரமாக அறிவேன். எந்த ஓக் மரத்தின் மேற்குக் கிளை தரையைத் தொடுகிறது, எதன் அடியில் உதிர்ந்த இலை வழுக்கும், எந்த இடைவெளியில் மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று குறுக்கே வரும் என்பதெல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். ஒரு பட்ட மரம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஓக் கொட்டை ஒன்றை மரங்கொத்தி செருகி வைத்திருக்கும். குளிர்காலத்துக்கான அதன் களஞ்சியம் அது. புதரில் விழுந்த தட்டைத் தேடப் போனபோதுதான் அந்த மரத்தை முதலில் பார்த்தேன். பாதையில் மட்டும் நடந்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். பாம்பு உண்டு, தொட்டால் தோல் வெந்துபோகும் பாய்சன் ஓக் செடியும் உண்டு. அவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 18-ஆவது கூடையில் முடிக்கும்போது நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டிருப்போம். ஒரு கூடையிலிருந்து அடுத்த எறிமேடைக்குப் போகும் வழியில் யாருடைய தட்டும் நம் தலைக்கு நேராக வராது. சிறுவர்களும் புதிதாக வந்தவர்களும் எட்டுகிற தூரத்தில் சில கூடைகளாவது இருக்கும். இவ்வளவையும் யோசித்து வைத்தவர் யார் என்று நடப்பவருக்குத் தெரியாது. பொது இடத்தில் நமக்காக யாரோ இத்தனை தூரம் யோசித்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. நுழைவுச்சீட்டு இல்லை. உறுப்பினர் அட்டை இல்லை. பொழுது விடிந்தால் போய் எறியலாம்.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. கூடைக்கு யார் மிகத் தொலைவில் இருக்கிறாரோ அவர்தான் அடுத்து எறிய வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது பெரும்பாலும் அது நான்தான். தோள் வலுவுள்ள பையன்களின் தட்டு கூடைக்குப் பக்கத்தில் கிடக்கும். என்னுடையது பாதி வழியில். அவர்கள் முன்னால் ஓடிப் போய்விட மாட்டார்கள். என் பக்கவாட்டில் ஒதுங்கி, பேச்சை நிறுத்தி, நான் எறிந்து முடிக்கும்வரை நிற்பார்கள். பின்தங்கியவருக்கு எல்லோரும் நின்று இடம் கொடுப்பது அங்கே நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, விளையாட்டின் முறையே அதுதான். எத்தனையோ இடங்களில் இந்த முறை வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

தனியாகப் போனாலும் தனியாக ஆடி முடித்த நாட்கள் குறைவு. முதல் கூடைக்கு முன்னால் நிற்கும்போதே யாராவது வந்து "சேர்ந்துக்கலாமா?" என்பார்கள். ஆய்வகத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்க மதிய இடைவேளையில் வரும் பொறியாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் பாட்டி, காதில் கடுக்கன் போட்ட கல்லூரிப் பையன். ஒன்றரை மணி நேரம் கூட நடப்போம். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும், அதற்குமேல் கேட்க மாட்டார்கள். "இடுப்பைத் திருப்பு, கையால் மட்டும் தள்ளாதே" என்று எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தபால்காரர்தான்.

இடுப்பைத் திருப்பி, கால் ஊன்றி, முழு பலத்தோடு ஒரு பொருளை வீசுவது என்பது மதுரையில் பிறந்து வளர்ந்த என் உடம்புக்குப் புதிது. பத்து, பதினொரு வயதுக்குப் பிறகு என்னை யாரும் எதையும் எறியச் சொன்னதில்லை. ஓடச் சொன்னதுமில்லை. கல்லூரியில் கோகோ ஆடினோம், சுவருக்குள். வெட்டவெளியில், நாலு பேர் பார்க்கிற இடத்தில், சுடிதார் போட்ட ஒரு நடுவயதுப் பெண் தோளை இழுத்து வீசுகிறாள், அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு போன திசையைத்தான் பார்த்தார்கள். "நல்லாப் போச்சு" என்றார்கள், அல்லது "மரம்" என்றார்கள். அதை நினைக்கும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இங்கே நான் தினமும் நடக்கிறேன். அண்ணா நகரிலிருந்து வண்டியூர் கண்மாய்க் கரை கிட்டம்தான். காலையில் கரையில் ஏறினால் வடகிழக்கே யானைமலை படுத்திருப்பது தெரியும். நீர்க்காகம், நாரை, தண்ணீர் இருக்கும் மாதங்களில் வாத்து. கூட நடப்பவர்கள் நல்ல மனிதர்கள். சர்க்கரை அளவு, பேத்தி கல்யாணம், கறிக்கடை விலை எல்லாம் பேசிக்கொண்டே நடப்போம். ஆனால் நடக்கிறோம், அவ்வளவுதான். பூங்காக்களிலும் அப்படித்தான். சிமென்டுப் பாதை ஒன்று வட்டமாக ஓடும். பெண்கள் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருவோம். வட்டத்துக்கு நடுவில் உள்ள புல்லும் மரமும் பார்ப்பதற்கு மட்டும்.

ஒரு பூங்காவில், ஆள் இல்லாத மத்தியான நேரம், பையிலிருந்து தட்டை எடுத்து ஒரு வாகை மரத்தை நோக்கி எறிந்தேன். காவலாளி ஓடி வந்தார். கோபமாக அல்ல, பதறித்தான் வந்தார்.

"அம்மா, புல்லுல இறங்கக் கூடாதும்மா. எழுதிப் போட்டிருக்குல்ல."

"யாருக்கும் இடைஞ்சல் இல்லாமத்தாண்ணே எறிஞ்சேன்."

"உங்களை விட்டா நாளைக்குப் பையங்க பேட்டத் தூக்கிட்டு வந்துருவாய்ங்க. எனக்குல்லம்மா வேலை போயிரும்." கொஞ்சம் நின்று, "என்னம்மா அது, அரிசி முறம் மாதிரி இப்படிப் போகுது?" என்றார். அவர் கையில் கொடுத்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. புல்லைக் காப்பாற்றத்தான் அவருக்குச் சம்பளம். விளையாட்டையும் புல்லையும் ஒரே இடத்தில் வைக்க முடியும் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

நிலத்தைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. ஓக் குரோவ் இருப்பது ஓர் அணைக்கு மேல்புறத்தில். டெவில்ஸ் கேட் என்ற அந்த அணையை வெள்ளத்தைத் தடுப்பதற்காக 1920-இல் கட்டினார்கள். ஆண்டில் பெரும்பகுதி அங்கே தண்ணீர் இருக்காது. மலையிலிருந்து வந்த வண்டலும் மணலும் கல்லும்தான். நம் வைகையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பள்ளம் முதல் நாளே பழக்கமானதாகத் தெரிந்தது. மழை வந்தால் ஒரே இரவில் பொங்கும், பிறகு மாதக்கணக்கில் காயும். கூடைகள் பள்ளத்தின் அடியில் இல்லை, கரையோரத்து மேட்டில் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தன. தண்ணீருக்கு உரிய இடத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு, மேட்டில் மனிதர் விளையாடினார்கள்.

நாமும் விளையாடியவர்கள்தான். கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் தரை பையன்களுக்குச் சொந்தமாகிவிடும். கிட்டிப்புள்தான் பெரிய ஆட்டம். புள்ளைத் தரையிலிருந்து கிட்டியால் எம்பவைத்து, காற்றில் இருக்கும்போதே அடித்து, அது விழுந்த இடம்வரை கிட்டியால் அளந்து எண்ணுவார்கள். என் அண்ணன்மார் ஆடும்போது கரையில் நின்று எண்ணிக்கை சொல்வது என் வேலை. கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் போனால் இத்தனை, மடைக்கல்லைத் தாண்டினால் இத்தனை என்று அந்த நிலத்தையே அவர்கள் அளவுகோலாக வைத்திருந்தார்கள். பிறகு கிரிக்கெட் வந்தது. கிரிக்கெட்டுக்குச் சமதரை வேண்டும். மரம் அதற்கு இடைஞ்சல்.

எறிதலில் இந்தச் சீமை எவ்வளவு தேர்ந்திருந்தது என்பதற்கு வளரி சாட்சி. மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை, இராமநாதபுரம் பக்கமெல்லாம் புழங்கிய எறிகருவி அது. பிறை வடிவத்தில் வளைந்திருக்கும், ஒரு முனை கனமாக இருக்கும், பெரும்பாலும் மரத்தில் செய்தது, இரும்பிலும் உண்டு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதையும், கள்ளர் கல்யாணங்களில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொண்டதையும் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். அதற்கு வெகு முன்னால், ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் எந்த இலக்கையும் தப்பாமல் சேரும் என்பதும் அவர் கொடுக்கும் செய்தி.

நூறு கஜம் என்றால் 90 மீட்டர் சொச்சம். டிஸ்க் கோல்ஃபில் கூடைகள் பல அந்தத் தூரத்தில்தான் நிற்கின்றன. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கற்றுக்கொடுத்தவரையும் அவர் அண்ணன் பெரிய மருதுவையும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதன்பின் பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே தடை வந்தது. போர்க்கருவியாக வளரி திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் காற்றையும் தூரத்தையும் கண்ணால் அளந்து, வளைந்து பறக்கும் ஒரு பொருளை இலக்கில் சேர்க்கும் அந்தக் கைப்பழக்கம் விளையாட்டாகவாவது நம்மிடம் தங்கியிருக்கலாம். அது அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போனதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

2025 ஜனவரியில் ஈட்டன் தீ என்ற பெருந்தீ பாசடினாவுக்கு வடக்கே அல்டடீனா ஊரைப் பிடித்துக்கொண்டபோது நான் இங்கே பொங்கலுக்கு வீடு ஒழித்துக்கொண்டிருந்தேன். 9,000-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் எரிந்துபோயின. பூங்காவிலிருந்து அல்டடீனா கூப்பிடு தூரம். கூட ஆடியவர்களில் சிலர் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள். பெயர் மட்டும் தெரிந்தவர்களை யாரிடம் விசாரிப்பது? இரவெல்லாம் செல்போனில் தீயின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அடித்துக்கொண்டிருந்த ஆள், "யாரு வீடும்மா எரியுது?" என்று கேட்டார். தெரிஞ்சவங்க வீடு என்றேன்.

மதுரைக்கும் ஓக் குரோவ் போல ஒரு களம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் கணக்கும் வைத்திருக்கிறேன். கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. டிஸ்க் கோல்ஃபுக்குக் கூடை ஒன்றுக்குச் சுமார் ஓர் ஏக்கர் இருந்தால் தாராளம். அந்த ஏக்கரில் மரம் இருக்கலாம், பாறை இருக்கலாம், நடப்பவர்கள் இருக்கலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கூடையைச் செய்யப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. குழாய், கம்பி, சங்கிலி, வெல்டிங் தெரிந்த பட்டறை போதும். உலகத்தில் இன்று 15,000-க்கும் மேற்பட்ட களங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் என்ற தட்டு விளையாட்டை ஆடும் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக ஒரே அணியில் தட்டெறிவதைப் பார்த்திருக்கிறேன். தட்டு நம் ஊருக்கு அந்நியமில்லை.

கண்மாயின் உள்வாயில் ஒரு கம்பம்கூட நடக் கூடாது. அது தண்ணீருக்கு. கரையின் வெளிப்புறத்தில், சீமைக்கருவேலத்தை மட்டும் எடுத்துவிட்டு, வேம்பையும் புங்கையும் பனையையும் அப்படியே விட்டு, முதலில் 9 கூடைகள் வைத்தால் போதும். மலையடிவாரங்களைத் தொட வேண்டாம். கீழக்குயில்குடியிலும் அரிட்டாபட்டியிலும் நிற்பது இரண்டாயிரம் ஆண்டுச் செல்வம், அங்கே நடக்க மட்டும்தான் நமக்கு உரிமை. ஒரு கூடைக்குப் பனை வரிசையையே வாசலாக்கலாம், இரண்டு பனைக்கு நடுவே போனால் நேர்வழி, போகாவிட்டால் சுற்றுவழி. ஆடி மாதத்து மேல்காற்றுக்கு எதிரே ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் காற்றில் தட்டு எப்படித் திமிறும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. யானைமலையைப் பார்த்து எறிவதற்கு ஒன்று. பெண்கள் கூச்சமில்லாமல் வர வேண்டுமானால் விளக்கும் கழிப்பறையும் முதல் கூடைக்கு முன்னாலேயே இருக்க வேண்டும், ஒன்பதாவதுக்குப் பிறகு அல்ல.

இதற்கிடையில் எங்கள் தெருக்கோடியில், வீடு கட்டாத மனை ஒன்றில், உரிமையாளரிடம் கேட்டு, வேப்பமரக் கிளையில் ஓட்டை விழுந்த அலுமினிய வாளி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வாளியைச் சுற்றிக் கதவுத் தாழ்ச் சங்கிலிகளை மாட்டிக் கொடுத்தவர் முனையில் இருக்கும் வெல்டிங் கடைக்காரர். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு தட்டு எறிந்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பிள்ளைகள் வருகிறார்கள். தொலைவில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும் என்ற விதியை அவர்களுக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதன்பிறகு அதற்காக அவர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்திக்கு மணிக்கட்டு தானாகவே சுழல்கிறது. என் தட்டுகள் அவளுக்குக் கனம். "இதைவிட லேசானது இருக்கா ஆன்ட்டி?" என்று போன வாரம் கேட்டாள். சென்னையிலிருந்து தை மாதம் வரும் தங்கச்சி மகனிடம் 150 கிராமில் இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.